ஆலங்கட்டி அட்டை

அட்டைக்காரர் காலி மருந்துப் பெட்டிகளை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து பதினான்கு மாதமாகிறது. வலது கை சொன்ன பேச்சைக் கேட்காது; அதை இடது கையால் தூக்கிப் பெட்டியின் மேல் கிடத்தி, காகிதத்தின் மேல் கல் வைப்பது போல வைத்துக்கொள்வார். பிறகு இடது கையில் கத்திரிக்கோல். ஒட்டிய ஓரத்தைப் பிரித்து, மடிப்பை நறுக்கி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வருகிற மாதிரி வெட்டுவார். ஓர் அட்டைக்கு ஏழு நிமிடம் ஆகும். பந்தை அமுக்கச் சொன்னால் பத்து எண்ணுவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், இதை மட்டும் ஒரு மணி நேரம் செய்வார். எப்படியோ கை அசைந்தால் சரி என்று, அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸான நான் விட்டுவிட்டேன்.

வெட்டிய அட்டைகளில் எதுவும் எழுத மாட்டார். அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கி, ஜன்னலோரம் வைப்பார். அவ்வளவுதான்.

"அப்பா, வீடு முழுக்க அட்டையாப் போச்சு. பழைய பேப்பர்காரர்கூட இதை எடுத்துக்க மாட்டார்," என்பாள் மகள்.

"எடுத்துக்க வேண்டாம். பார்த்துட்டுப் போகட்டும்," என்பார். பேச்சு கொஞ்சம் குழறும். நக்கல் மட்டும் குழறாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மகள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருந்தாள். பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தேன். அறுபதை ஒட்டிய ஒரு பெண். தோளில் துணிப்பை, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, கையில் மடக்கிய குடை.

"அண்ணன் இருக்காங்களா?"

மகள் எனக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள்: அவர் முன்பு வேலை பார்த்த அகராதி ஆபீஸ் விஷயமாக யார் வந்தாலும் அப்பா தூங்குகிறார் என்று அனுப்பிவிட வேண்டும். முந்தைய வாரம் ஒரு போன் வந்து, அதை மகளே எடுத்துப் பேசி வைத்துவிட்டாள். பேசியது யார் என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து இவருக்கு ரத்த அழுத்தம் ஏறி, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் நானும் யோசிக்கவில்லை.

"தூங்குறார்," என்றேன்.

அந்தப் பெண் என் தோளுக்கு மேலே ஒரு நொடி பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினாள். "எழுந்ததும் குடுத்துடுங்கம்மா. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும்தான் நேரம்னு மட்டும் சொல்லிடுங்க."

கதவைச் சாத்திவிட்டு வந்தால், அவர் கத்திரிக்கோலைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். உறையைக் கொடுத்தேன். பிரிக்கவில்லை. தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டு, "பெட்டி வேற இருக்கா?" என்று கேட்டார்.

முறையாகப் படித்து வந்தவள் நான். இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பு. நோயாளியிடம் பொய் சொல்லாதே என்று முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்தார்கள். வாசலில் நிற்பவரிடம் சொல்லும் பொய்யைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதை நான் பொய் என்றே எண்ணவில்லை, வியாழக்கிழமை வரைக்கும்.

அவருடைய கதையை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவர் அப்பா ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுகிறவர். முதுகில் மரச்சட்டம் கட்டி, அதில் கண்ணாடித் தகடுகளை நிறுத்தி, தெருத்தெருவாகப் போவார். ஆலங்கட்டி மழை பெய்தால் அந்த வீட்டில் எல்லோர் முகமும் மலரும். ஊரெல்லாம் ஓட்டையும் உடைசலுமாக நிற்கும்போது இவர்கள் மட்டும் வயிறாரச் சாப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு முறை கல்மழை பெய்து ஜன்னல்கள் நொறுங்கியபோது, இவர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாராம். "உங்கப்பனுக்கு வேலை வந்துடுச்சா?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டானாம். அன்றிலிருந்து அப்பாவின் தொழிலை யாரிடமும் சொல்லியதில்லை. கேட்டால், கடை வைத்திருக்கிறார் என்பார்.

படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் கல்லூரிக்குப் போக வசதியில்லை. சொற்களின் வேரைத் தேடும் அகராதி அலுவலகத்தில், சொல்லுக்கு ஓர் அட்டை என எழுதி அடுக்கிய பெட்டிகளைத் தூக்கி வைக்கும் வேலையில் சேர்ந்து, மாலை வகுப்பில் மொழிகள் படித்து, பத்து வருடத்தில் ஒரு பிரிவுக்கே மூத்தவரானார். முப்பத்தாறு வருடம் அங்கேயே இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருடமாகிறது. ஒரே மகள். இந்த மகள்தான், அகராதி முடிந்து விழா வைக்கப் போகிறார்கள், அதில் அப்பாவின் பெயர் முதல் வரிசையில் அச்சாகிறது என்று தெரிந்ததும், அழைப்பிதழைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தாள். வருகிறவர்கள் எல்லோரும் தண்ணீர் எடுக்கும்போது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.

வியாழக்கிழமை காலையில் வெந்நீரும் துணியும் கொண்டுபோய் அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். முதுகைத் துடைக்கும்போது சொன்னார்: "நர்ஸம்மா, அந்த உறையைப் பிரிச்சுப் படிங்க."

"கண்ணாடி வேணுமா உங்களுக்கு?"

"எனக்குப் பார்வை இருக்கு. தைரியம்தான் இல்ல."

படித்தேன். சின்னக் கடிதம். திருத்தமான கையெழுத்து.

'அண்ணனுக்கு. அகராதியில் வேலை செய்த எல்லோருடைய பெயரும் முதல் பக்கங்களில் வருகிறதாம். நானும் இரண்டு வருடம் மூன்று மாதம் அங்கே இருந்தேன். என் கோப்பில் "சரிபார்க்காமல் கையொப்பமிட்டவர்" என்று எழுதியிருப்பதால் சேர்க்க முடியாது என்கிறார்கள். நம் பிரிவில் இருந்த யாராவது எழுதிக் கொடுத்தால் சேர்ப்பார்களாம். இப்போது உயிரோடு இருப்பது நீங்கள் மட்டும்தான். உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்தால் போதும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் அச்சுக்குப் போகிறது. இப்படிக்கு, ரப்பர்.'

"ரப்பரா? இது என்ன பேர்?"

"நான் வச்ச பேர்."

"அந்தம்மா என்ன தப்பு பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"பின்ன?"

"துடைச்சுக்கிட்டே கேளுங்க. மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது."

நான் முதுகுப் பக்கமே நின்றேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, இன்னும் வடக்கே இருக்கும் சில மொழிகள் எல்லாம் அக்கா தங்கைகள். அவற்றுக்குத் தாய் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளை மூல ஜெர்மானியம் என்கிறார்கள். தாய் பேசியதை அந்தக் காலத்தில் யாரும் ஏடாக எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளின் முகத்தை வைத்துத் தாயின் முகத்தை ஊகிப்பது போல, இந்த மொழிகளின் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தாய் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று கணக்கிடுவார்கள். அப்படிக் கணக்கிட்ட சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். இதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, நாங்கள் கண்டுபிடித்துச் சொல்கிறோம் என்று அதற்குப் பொருள்.

ஆலங்கட்டிக்கு ஆங்கிலத்தில் ஹெய்ல். ஜெர்மனில் ஹாகல். இரண்டுக்கும் தாய் ஹக்லஸ். அதுவரை சந்தேகமில்லை. அந்த ஹக்லஸ் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. கிரேக்க மொழியில் ஆற்றுப் படுகையில் கிடக்கும் கூழாங்கல்லுக்கு ஏறக்குறைய அதே சாயலில் ஒரு சொல் இருக்கிறதாம். இரண்டும் ஒரே வேரென்றால், அந்தக் காலத்து மனிதர்கள் வானத்திலிருந்து கூழாங்கல் விழுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நல்லாத்தானே இருக்கு," என்றேன்.

"நல்லா இருக்கு. அதுதான் ஆபத்து. அந்தக் கிரேக்கச் சொல் தண்ணி சலசலக்கிற சத்தத்திலேர்ந்து வந்ததாவும் இருக்கலாம். அப்படின்னா ஆலங்கட்டிக்கும் அதுக்கும் சொந்தமே இல்ல. இதுன்னும் சொல்ல முடியாது, அதுன்னும் சொல்ல முடியாது."

அப்படிச் சொல்ல முடியாத அட்டைகளின் வலது கீழ் மூலையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பார்கள். அதைச் சும்மா அழிக்கக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாக மூலப் புத்தகங்களைப் பார்த்து, இருவரும் திருப்தியாகி, இருவரும் பெயரின் முதலெழுத்தைப் பேனாவால் போட்ட பிறகுதான் ரப்பரை எடுக்க வேண்டும். அதுதான் அந்த அலுவலகத்தின் சட்டம்.

பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எந்த நேரமும் விரலிடுக்கில் ஒரு ரப்பர் வைத்திருப்பாள். அட்டையில் கை அழுக்கு, டீக்கறை எதைப் பார்த்தாலும் தேய்த்துச் சுத்தம் செய்வாள். இவர்தான் 'ரப்பர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். "என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுவா. டிபன் டப்பாவைத் திறந்தா முதல் வாய் எனக்குத்தான்," என்றார்.

ஒருநாள் அலுவலகத்தில் பெரிய கூட்டம். வெளியூரிலிருந்து அறிஞர்கள், பத்திரிகைக்காரர்கள், நன்கொடையாளர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து எழும்போது வெளியே ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ஒருவரும் வெளியே போக முடியாது. மழை சற்றுத் தணிந்ததும் தலைமைப் பதிப்பாசிரியர் இவரைப் பார்த்து, "சும்மா இருக்கிறதுக்கு இந்த மழையைப் பத்தியே ஏதாவது சொல்லேன்," என்றார்.

இவர் மேடையேறியது அதுதான் முதல் தடவை. ஹக்லஸ் என்றார். கூழாங்கல் என்றார். வாயில் 'ஒருவேளை' என்ற சொல் வரவில்லை. பிறகு, எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். முதுகில் சட்டம், கண்ணாடித் தகடுகள், கல்மழை பெய்தால் வீட்டில் கொண்டாட்டம். அவ்வளவு வருடம் மறைத்ததை நூற்றைம்பது பேர் முன்னால் சொன்னார். கூட்டம் சிரித்தது. கேலிச் சிரிப்பில்லை. கைதட்டினார்கள். தலைமைப் பதிப்பாசிரியர் வந்து தோளைத் தட்டி, "இதை நான் முன்னுரையிலேயே சேர்க்கப் போறேன்யா," என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம், சார் அதுல கேள்விக்குறி இருக்குன்னு. ஒரு வார்த்தை. நாக்கு எழும்பல. அப்பாவைப் பத்திச் சொன்னதும் கூழாங்கல்லைப் பத்திச் சொன்னதும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. ஒண்ணைப் பிடுங்கினா இன்னொண்ணும் பிஞ்சிடும்னு தோணுச்சு."

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போனார். இழுப்பறையைத் திறந்து ஆலங்கட்டி அட்டையை எடுத்தார். அந்தப் பெண்ணின் மேசையிலிருந்தே ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தார். தன் முதலெழுத்தைப் போட்டார். பக்கத்தில் அவளுடையதையும் போட்டார்.

"ஒத்தை எழுத்துதானே. யார் வேணா போடலாம்."

ஏழு மாதம் கழித்து, முதல் தொகுதியில் வெளிவந்த முன்னுரையைப் படித்த ஒரு வெளியூர் அறிஞர், இந்தச் சந்தேகத்தை யார் எப்படித் தீர்த்தீர்கள் என்று கேட்டு எழுதினார். விசாரணை வைத்தார்கள். மூன்று பேர், ஒரு மேசை, நடுவில் அட்டை. அந்தப் பெண், நான் இந்த அட்டையைப் பார்த்ததே இல்லை என்றாள். இவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ரெண்டு பேர் எழுத்தும் இருக்கே சார். நான் பார்த்தேன், அவங்களும் பார்த்துட்டேன்னு சொன்னாங்க, நம்பிட்டேன்," என்றார். விசாரித்தவர்களில் ஒருவர், "ரப்பர்னு பேர் வச்சுக்கிட்டு அழிக்காம இருக்க முடியுமா?" என்று சொல்ல, மற்ற இருவரும் சிரித்தார்கள்.

"நானும் சிரிச்சேன், நர்ஸம்மா."

அவர் அதோடு நிறுத்திவிட்டார். நான் கையில் பிடித்திருந்த துணி ஆறிப்போயிருந்தது. வெந்நீரில் நனைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கும் அப்படி ஒரு சட்டம் உண்டு. சில ஊசி மருந்துகளை ஒருத்தி தனியாக எடுத்துப் போட்டுவிட முடியாது. இரண்டு பேர் அளவைப் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அவசரத்தில் நானும் ஒருமுறை அளவைப் பார்க்காமல் போட்டிருக்கிறேன். அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது என்னுடைய சாமர்த்தியம் இல்லை. அதனால் இவரைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வாசலில் நின்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நான் சொன்னது நினைவுக்கு வந்து, காது மடல் வரை சுட்டது.

"கையைத் தூக்குங்க. சட்டை போடணும்," என்றேன். சட்டையை மாட்டிவிட்டுக் கேட்டேன்: "அதுக்கப்புறம் அந்தம்மா என்ன ஆனாங்க?"

"வேலையை நிரந்தரம் பண்ணல. ஒரு மாசத்துல போயிட்டா. மருந்துக் கம்பெனியில பெட்டிக்குள்ள வைக்கிற காகிதத்துல பிழை பார்க்கிற வேலைன்னு கேள்விப்பட்டேன். அங்கேயே இருந்து ரிட்டயர் ஆயிட்டா."

"அப்போ இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"ஆபீஸுக்கு எழுதலாம். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, கவனமா வேலை பார்த்தாங்கன்னு."

"அது நற்சான்று. உங்களை நற்சான்று கேட்கல."

நான் சட்டைப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தேன்.

"எழுத்து யார் போட்டதுன்னு எழுதணும். அதுக்கு முன்னாடி அந்தம்மாகிட்டச் சொல்லணும்."

"அவகிட்டயா? ஆபீஸுக்கு எழுதினாத் தெரிஞ்சுக்குவா."

"அச்சடிச்ச காகிதத்துல பார்த்துத் தெரிஞ்சுக்கணுமா? ரொம்ப நல்லா இருக்கு."

மாலை ஆறு மணிக்கு மகள் வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, இவரே ஆரம்பித்துவிட்டார். நடுவில் அவள் உட்கார்ந்தாள். முடிந்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

"நீங்கதான் கிளறி விட்டீங்களா, நர்ஸம்மா?"

"நான் முதுகு துடைச்சேன். மத்தது தானா வந்துச்சு."

"அப்பா, எத்தனை வருஷம் ஆச்சு? யானைக்கும் அடி சறுக்கும். ஒரே ஒரு அட்டை. நீங்க எழுதினது எத்தனை ஆயிரம்?"

"மத்த ஆயிரத்தையும் இந்த ஒண்ணு வச்சுத்தான் பார்க்க முடியுது எனக்கு."

"விழாவுக்கு எங்க ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டிருக்கேன். என் மாமியார் வீட்டுல எல்லாரும் வராங்க. நீங்க போய் நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு சொன்னா, உங்க பேரையே எடுத்துட்டாங்கன்னா?"

"எடுக்கட்டும்."

"உங்களுக்கு எடுக்கட்டும். அந்தப் பேரை நானும்தானே போட்டுக்கறேன்." கைப்பையைக் கீழே இறக்கி வைத்து, "உங்க கூட வேலை பார்த்தவங்க வந்து கேட்டா, அவங்களை விரட்டச் சொல்லி இருக்கேன் நான். எதுக்குன்னே தெரியாம," என்றாள். எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அங்கே கழுவுவதற்கு ஒரு பாத்திரமும் இல்லை.

நான் கடிதத்தின் பின்னால் இருந்த எண்ணைப் போனில் அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, அவர் மடியில் வைத்தேன். மூன்று முறை மணி அடித்ததும் அந்தப் பெண் எடுத்தாள்.

"ரப்பரு," என்றார்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லுங்கண்ணே," என்றாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். குழறல் அதிகமாகிவிட்டது. 'அட்டை', 'எழுத்து', 'நான்தான்' என்ற சொற்கள்தான் தெளிவாக வந்தன. நான் நடுவில் புகுந்து விளக்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"தெரியும்ணே," என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"அட்டையில இருந்தது ரெண்டு எழுத்து. ஒண்ணை நான் போடல. அப்போ ரெண்டையும் யார் போட்டிருப்பாங்கன்னு கண்டுபிடிக்க அகராதியா வேணும்? அந்த மேசை முன்னாடி நிக்கும்போதே தெரியும்."

"பின்ன ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க சிரிச்சீங்க."

அவருடைய நல்ல கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அலமாரியில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"என்னை மன்னிச்சிடும்மா."

"அதெல்லாம் இப்ப பேச வேண்டாம்ணே. எனக்கு அது வருமா வராதான்னு எனக்கே தெரியல. பன்னெண்டு மணிக்குள்ள போயிடுங்க. எனக்கு இப்ப வேண்டியது அது ஒண்ணுதான்."

வைத்துவிடப் போகிறாள் என்று தெரிந்து நான் குனிந்து, "அம்மா, செவ்வாய்க்கிழமை வாசல்ல நின்னு பேசினது நான்தான். அன்னைக்கு அவர் தூங்கலம்மா," என்றேன்.

"தெரியும்மா. உள்ள கத்திரிக்கோல் சத்தம் கேட்டுச்சு. தூங்குறவங்க வெட்டுவாங்களா?"

நாற்பது வருட வேலையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். ஒன்றும் உறைத்ததில்லை. இவள் குரலை உயர்த்தக்கூட இல்லை. அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவருக்கு முகம் மழித்துவிட்டேன். கோணிய உதட்டின் ஓரத்தில் கொஞ்சம் கீறிவிட்டது. படிகாரம் வைத்தேன். மகள் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலி முதுகில் மாட்டிவைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பள்ளிக்கூடம் போனாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, சட்டையின் காலரை இன்னொரு முறை நிமிர்த்திவிட்டுப் போனாள்.

வாடகை வண்டியில் சக்கர நாற்காலியை மடக்கி ஏற்றினேன். பத்தரைக்கு அகராதி அலுவலகம். சரிவுப் பாதை இல்லை, ஐந்து படிகள். காவலாளியும் நானும் நாற்காலியோடு தூக்கினோம். உள்ளே நீண்ட கூடம், இரண்டு பக்கமும் மேசைகள், இருபது பேருக்கு மேல் வேலையாக இருந்தார்கள். சுவரோரப் பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் குடை. எங்களுக்கு முன்பே வந்துவிட்டாள்.

"வருவீங்கன்னு நம்பாம இல்ல. நேரமாயிடக் கூடாதேன்னு வந்தேன்," என்றாள். அவருக்கு அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

பட்டியல் பார்க்கிற குமாஸ்தா ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "திருத்தத்துக்குக் காரணம்?" என்று கேட்டார்.

"விசாரணையில நான் பொய் சொன்னேன்."

குமாஸ்தா படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "அச்சுப்பிழை, தவறுதலாக விடுபட்டது, இதர. மூணுதான் இருக்கு சார்."

"இதரவுல எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினார். சில சொற்களை மூன்று தடவை கேட்டார். கேள்விக்குறியை அழித்தது, இரண்டு எழுத்தையும் தானே போட்டது, விசாரணையில் சொன்னது. சிரித்ததையும் எழுதச் சொன்னார். "அதெல்லாம் கோப்புக்கு வேண்டியதில்ல சார்," என்றார் குமாஸ்தா. "வேணும்," என்றார் இவர். குமாஸ்தா அதையும் எழுதினார். இடது கையால் கையெழுத்துப் போட நாலைந்து நிமிடம் ஆயிற்று.

"இப்ப நான் வாசிச்சுக் காட்டணும். வாய்மொழியாச் சொல்லி எழுதினது எதுவா இருந்தாலும் உரக்க வாசிக்கணும்னு விதி. தனி ரூமுக்குப் போலாமா?"

"இங்கேயே வாசிங்க."

குமாஸ்தா எழுந்து நின்று வாசித்தார். முதலில் பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்தார், பிறகு அடுத்தவர். இரண்டாவது வரியில் தட்டச்சு ஓசை நின்றது. அட்டைக்காரரின் கழுத்திலிருந்து செம்மை ஏறி, மழித்த கன்னம் முழுக்கப் பரவியது. நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். எனக்கும் தரையைத்தான் பார்க்க முடிந்தது.

வாசித்து முடிந்தது. அந்தப் பெண் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள்.

"ஒரு திருத்தம். உதவியாளர்னு எழுதியிருக்கீங்க. நான் துணைப் பதிப்பாசிரியர்."

குமாஸ்தா அடித்து எழுதினார். அட்டைக்காரர் அதற்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"மேல ஃபேன் சத்தத்துல நடுவுல சரியாக் கேக்கல," என்றாள் அவள். "இன்னொரு தரம் வாசிங்க."

காவலாளி போய் மின்விசிறியை நிறுத்தினார். குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.